அந்தமான் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமானுக்குப் போகத் திட்டமிடுகிற உறவினர்களும் நண்பர்களும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை எழுதிவைத்துக்கொண்டு அதற்கேற்ப நாட்களைப் பிரிப்பது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சரிப்படும். அந்தமானில் கப்பல் நேரம், பகல் வெளிச்சம், கடலின் ஏற்ற வற்றம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் நாட்களைப் பிரிக்க வேண்டும்.

அந்தமான் போக பாஸ்போர்ட், பெர்மிட் ஏதாவது வேண்டுமா?

இந்தியக் குடிமக்களுக்கு இரண்டும் வேண்டாம். அரசு கொடுத்த அடையாள அட்டை ஒன்று போதும். விமானத்தில் ஏறும்போதும், தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் ஏறும்போதும், விடுதியிலும் அதைக் கேட்பார்கள். அட்டையில் இருக்கிற பெயரையே கப்பல் டிக்கெட்டிலும் போடுங்கள். குழந்தைகளுக்கும் ஆதார் எடுத்துச் செல்லுங்கள்.

நிக்கோபார் தீவுகள் வேறு கணக்கு. அவை பழங்குடியினருக்கான பாதுகாக்கப்பட்ட பகுதி. சுற்றுலாவுக்காகப் போக முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர்கள் உங்களுடன் வருவதாக இருந்தால் அவர்களுக்கான விதிகளும் வேறு. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அவற்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாலத்தீவு, லட்சத்தீவு, அந்தமான்: எது நல்லது?

ஒரே விடுதியில் கடலைப் பார்த்தபடி ஓய்வெடுக்க வேண்டும், செலவைப் பற்றிக் கவலையில்லை என்றால் மாலத்தீவு. இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் விசா கிடைக்கிறது. லட்சத்தீவின் கடல் மிக அழகானது. ஆனால் முன் அனுமதி இல்லாமல் போக முடியாது; தங்குமிடங்களும் குறைவு. கடற்கரை, காடு, வரலாறு மூன்றும் வேண்டும், குடும்பமாகப் போகிறோம், நடுத்தரமான செலவுதான் செய்ய முடியும் என்றால் நான் தயங்காமல் அந்தமானைச் சொல்வேன்.

எந்த மாதம் போகலாம்?

ஜனவரியிலிருந்து ஏப்ரல் பாதி வரை. பிப்ரவரி, மார்ச்சில் கடல் அடங்கியிருக்கும். தண்ணீர் தெளிவாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மூன்றாம் வாரம் வாக்கில், அந்தமானைத் தொட்டுவிடுகிறது. செப்டம்பர் வரை அந்த மழை. பிறகு வடகிழக்குப் பருவமழை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் அது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு.

பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்பவர்கள் ஏப்ரல் கடைசிக்குள், தாமதித்தால் மே முதல் வாரத்துக்குள் போய்த் திரும்பிவிடுங்கள். டிசம்பர் பிற்பாதியும் நன்றாக இருக்கும், ஆனால் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். ஜூலையில் அறை மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் கப்பல் ரத்தானால் அந்த அறைக்குப் போய்ச்சேர முடியாது.

சென்னையிலிருந்து கப்பலில் போனால் செலவு குறையும்தானே?

படுக்கை வகுப்பில் குறையும். ஆனால் சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். போக மூன்று, வர மூன்று என்றால் ஒரு வார விடுமுறை தண்ணீரிலேயே முடிந்துவிடும். கப்பல் தினமும் கிடையாது. கால அட்டவணை பெரும்பாலும் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்புதான் வெளியாகும். விமானம் இரண்டேகால் மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

காலம் தாராளமாக இருப்பவர்கள் ஒரு வழி கப்பல், ஒரு வழி விமானம் என்று போகலாம். நான்கு புறமும் கரையே தெரியாத கடலில் சூரியன் எழுவதைப் பார்ப்பது பெரிய அனுபவம். ஆனால் இது அரசுப் பயணிகள் கப்பல். தீவுகளில் வேலை பார்ப்பவர்களும் அவர்களுடைய குடும்பங்களும் ஊர் போய்வரும் வாகனம். சொகுசுக் கப்பலின் வசதிகளை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

டிக்கெட்டில் ஸ்ரீ விஜயபுரம், ஸ்வராஜ் த்வீப் என்று இருக்கிறது. நாங்கள் போர்ட் பிளேரும் ஹேவ்லாக்கும்தானே கேட்டோம்?

எல்லாம் ஒன்றுதான். ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் ஆனது. நீல் தீவு ஷாஹீத் த்வீப் ஆனது. போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கிற ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் ஆனது. தலைநகர் போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஊரில் எல்லோரும் பழைய பெயர்களையும் சொல்கிறார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். முன்பதிவு செய்யும்போது மட்டும் இரண்டு பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று இரவு, நான்கு நாளில் முடித்துவிடலாமா?

போய்வரலாம், பார்க்க முடியாது. வந்து இறங்குவதற்கு ஒரு நாள், கிளம்புவதற்கு ஒரு நாள். இடையில் தீவு மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டுவது, துறைக்குப் போவது, காத்திருப்பது, ஏறி இறங்குவது என்று அரை நாள் போய்விடும். ஆறு இரவாவது வைத்துக்கொள்ளுங்கள்: முதல் இரவு போர்ட் பிளேர், மூன்று இரவு ஹேவ்லாக், ஓர் இரவு நீல், கடைசி இரவு மறுபடி போர்ட் பிளேர். நான்கு நாள்தான் இருக்கிறது என்றால் நீலை விட்டுவிடுங்கள்.

அந்தக் கடைசி இரவை யார் சொன்னாலும் குறைக்காதீர்கள். ஹேவ்லாக்கிலிருந்து காலையில் கப்பல் பிடித்து அன்று பகலே விமானம் ஏறலாம் என்று திட்டம் போடுபவர்கள் நிறையப் பேர். கடல் கொந்தளித்து ஒரு கப்பல் நின்றால் விமான டிக்கெட் மொத்தமும் போய்விடும்.

எதை முதலில் முன்பதிவு செய்ய வேண்டும்?

விமானம், உடனே தீவுகளுக்கிடையேயான கப்பல், பிறகு விடுதி. பலர் விடுதியை முதலில் போட்டுவிட்டு, அந்தத் தேதியில் கப்பலில் இடமில்லாமல் தவிக்கிறார்கள். அறை எங்காவது கிடைக்கும், இருக்கை கிடைக்காது.

தனியார் கப்பல்கள் ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரத்தில் போகின்றன. குளிர்சாதன வசதி உண்டு, இணையத்தில் பதிவு செய்யலாம். அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம் ஆகும். கட்டணம் மிகவும் குறைவு, மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து கிளம்பும். உள்ளூர் மக்கள் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போய்வருவது அதில்தான். சுற்றுலாப் பருவ நாட்களில் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். கிடைத்தால் ஒரு வழியாவது அதில் போங்கள்.

மாலையில் ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்றால் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

இருட்டிவிடும், அதனால்தான். அந்தமான் சென்னைக்குக் கிழக்கே வெகு தொலைவில் இருக்கிறது. கடிகாரம் மட்டும் இந்திய நேரத்தைக் காட்டுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணி சுமாருக்குச் சூரியன் மறைந்துவிடும். ஜூனில் காலை ஐந்து மணிக்கே விடிந்துவிடும். கடற்கரைகளிலும் பொழுது சாய்ந்ததும் கிளம்பச் சொல்லிவிடுவார்கள்.

ஆகவே நாளை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். ஐந்தரைக்கு எழுந்து ஆறு மணிக்குக் கடற்கரையில் இருந்தால் அந்த இடம் முழுக்க உங்களுடையது. எட்டரைக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற குடும்பங்களுக்கு அந்தமான் பாதிதான் கிடைக்கிறது.

ராதாநகர் கடற்கரை அவ்வளவு நன்றாக இருக்குமா, வெறும் பேச்சா?

நன்றாகவே இருக்கும். 2004-இல் டைம் இதழ் ஹேவ்லாக்கின் இந்தக் கரையை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றது. சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று 2020-இல் கிடைத்தது. பெருமைகளை விடுங்கள்; அது அமைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். ஓங்கி வளர்ந்த காட்டு மரங்கள் மணல் வரை வந்து நிற்கின்றன. மரநிழலிலிருந்து வெளியே கால் வைத்தால் மாவு போன்ற வெண்மணல். பாறையும் பவளமும் காலில் இடறாத மணல் தரை கடலுக்குள்ளும் தொடர்கிறது. மேற்கு நோக்கிய கரை என்பதால் சூரிய அஸ்தமனத்துக்குத்தான் எல்லோரும் வருவார்கள். நான் காலையைச் சொல்வேன். ஹேவ்லாக் துறையிலிருந்து 12 கிலோமீட்டர். ஸ்கூட்டரோ ஆட்டோவோ கிடைக்கும்.

காலையில் விடுதிக்கு எதிரே கடல் இருந்தது, மதியம் காணோம். ஏன்?

கடல் வற்றம். ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில், விஜயநகர் பகுதி விடுதிகளில் தங்குபவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம். மறுநாள் அதே வற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். தளும்பிக்கொண்டிருந்த இடத்தில் வெகு தூரத்துக்குக் கூரான செத்த பவளப் பாறையும் சேறும் மட்டும் தெரியும். வெறுங்காலுடன் இறங்கினால் கிழித்துவிடும்.

இதைத் தெரிந்துகொண்டு திட்டமிட்டால் இரட்டை லாபம். நீல் தீவின் இயற்கைப் பாலத்தை வற்றத்தில்தான் பார்க்க வேண்டும். பாறை வளைவுக்கு அடியில் நடக்கலாம். வழியெங்கும் தேங்கிய குட்டைகளில் கடல் அட்டையும் நண்டும் சின்ன மீன்களும் கிடக்கும். எடுத்துக் கையில் தருகிறேன் என்று வழிகாட்டி சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே தீவின் பரத்பூர் கடற்கரையில் கண்ணாடிப் படகுக்கும் குளிப்பதற்கும் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க அன்றைய வற்ற நேரத்தை விடுதியில் முந்தைய இரவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இணையத்திலும் கிடைக்கும்.

நீச்சல் தெரியாது. ஸ்கூபா செய்யலாமா?

செய்யலாம். ஸ்கூபா என்றால் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்குவது. முதல்முறை செய்பவர்களை ஒருவருக்கு ஒரு பயிற்றுநர் பிடித்துக்கொண்டு இறக்குவார்கள். 12 மீட்டருக்கு மேல் ஆழம் போகக் கூடாது என்பது பொது விதி. பெரும்பாலும் அதற்கும் குறைவாகவே கூட்டிப்போவார்கள். பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கிடையாது. ஆஸ்துமா, இதய நோய், காது நோய், வலிப்பு இருந்தவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். படிவத்தில் மறைத்து எழுதாதீர்கள். சளி பிடித்திருந்தாலும் அன்றைக்கு வேண்டாம், காது தாங்காது.

விமானம் ஏறுவதற்கு முந்தைய 18 மணி நேரத்தில் ஸ்கூபா செய்யாதீர்கள். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். கடைசி இரவு போர்ட் பிளேரில் என்று மேலே சொன்னேனே, அதைப் பின்பற்றினால் இதுவும் தானாகச் சரியாகிவிடும். ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் கடற்கரையில் மிதவை கட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்ப்பது இன்னும் எளிது, மீன்கள் தாராளமாகத் தெரியும். ஆழம் குறைந்த இடங்களில் பவளம் பல காலமாக அடிபட்டிருக்கிறது. 2010-இல் கடல் சூடேறி நிறையப் பவளம் வெளுத்தது. விளம்பரப் படங்களின் நிறத்தை எதிர்பார்க்க வேண்டாம். மிச்சமிருப்பதன் மேல் கால் ஊன்றாதீர்கள்.

முதலை இருக்கிறதாமே?

இருக்கிறது. உப்புநீர் முதலைகள் சதுப்புநிலக் காடுகளிலும் கழிமுகங்களிலும் வாழ்கின்றன. சில நேரம் கடற்கரைக்கும் வரும். 2010-இல் ராதாநகரை ஒட்டிய ஒரு சிறு வளைகுடாவில் வெளிநாட்டுப் பயணி ஒருவரை முதலை கொன்றது. பயந்து பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்காதீர்கள். ஓடை வந்து கடலில் கலக்கும் இடத்திலும், பொழுது சாய்ந்த பிறகும் இறங்காதீர்கள். உயிர்காப்பாளர் விசில் அடித்தால் கேள்வி கேட்காமல் கரையேறுங்கள்.

கப்பலில் வாந்தி வருமா?

பிப்ரவரியில் பெரும்பாலும் வராது. காற்றுக் காலத்தில் பழகியவர்களுக்கே வரும். மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக் கப்பல் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்; தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் பயனில்லை. கீழ்த்தளத்தில் நடுப்பகுதி இருக்கை ஆட்டம் குறைந்தது. செல்போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

அங்கே இந்தி தெரியாமல் சமாளிக்க முடியுமா? நம்ம ஊர்ச் சாப்பாடு?

போர்ட் பிளேரில் தமிழிலேயே சமாளிக்கலாம். 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபாரில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம். வங்காளிகளுக்கும் இந்திக்காரர்களுக்கும் அடுத்த இடம். அபர்தீன் பஜாரில் கடைக்காரர் உங்கள் பேச்சைக் கேட்டு அவராகவே தமிழுக்கு மாறிவிடுவார். இட்லி, தோசை, சாப்பாடு கிடைக்கும். ஊரில் வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பார்கள்.

ஹேவ்லாக்கிலும் நீலிலும் வங்காளிக் குடும்பங்கள் அதிகம், இந்தி பொதுமொழி. சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சிரமமில்லை. காய்கறி தீவுக்குத் தீவு கப்பலில் வருகிறது, ஆகவே விலை கொஞ்சம் கூட.

செல்போன், பணம்?

சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட கண்ணாடியிழைக் கம்பி 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் பிறகு போர்ட் பிளேரில் இணையம் நன்றாகிவிட்டது. மற்ற தீவுகளில் விட்டு விட்டுத்தான் வரும். டிக்கெட், விடுதி ரசீது எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக், நீலில் ஏடிஎம் குறைவு. ரொக்கம் கையில் இருக்கட்டும்.

வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. தீவு மாறுவதை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துறையில் நடையும், கப்பலில் படியேறுவதும்தான் முழங்காலுக்குச் சிரமம். ராதாநகரில் மரநிழலில் உட்கார இடம் இருக்கிறது.

செல்லுலார் சிறைக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். போர்ட் பிளேரில் ஆங்கிலேயர்கள் 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த சிறை. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கிளைகள் பிரிந்தன, இன்று மூன்று மிஞ்சியிருக்கின்றன. ஓர் அறைக்குள் போய்ச் சற்று நில்லுங்கள். நான்கரை மீட்டர் நீளம், இரண்டே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம், தலைக்கு வெகு மேலே ஒரு சின்னச் சாளரம். கதவுக்கு வெளியே அடுத்த கிளையின் முதுகுச் சுவர்தான் தெரியும். ஒரு கைதி இன்னொருவர் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று அப்படிக் கட்டினார்கள். மாலையில் ஒலி ஒளிக் காட்சியையும் உட்கார்ந்தே பார்க்கலாம். முதல் நாள் மாலை இதற்கென்று வையுங்கள்.

பேக்கேஜ் எடுக்கலாமா, நாமே திட்டமிடலாமா?

கப்பலும் விடுதியும் நீங்களே போட முடிந்தால் பேக்கேஜ் தேவையில்லை. எடுப்பதானால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கப்பல், எந்த நேரம் என்று எழுத்தில் தருவார்களா? கப்பல் ரத்தானால் கூடுதல் இரவுச் செலவு யாருடையது? ராதாநகரில் எத்தனை மணி நேரம் விடுவார்கள்? ஒரு நாளில் ஐந்து இடம் என்று போட்டிருந்தால் பார்க்கிற நேரத்தைவிட வேனில் உட்காரும் நேரம் அதிகம் என்று பொருள்.

ஞாபகத்துக்கு நாலு கிளிஞ்சல், ஒரு துண்டு பவளம் எடுத்துவந்தால் தப்பா?

சட்டப்படியே தப்பு. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. செத்த பவளத் துண்டுக்கும் அதே விதி. பல வகைச் சங்குகளும் அப்படியே. விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்யும்போது எடுத்து வைத்துவிடுவார்கள். குழந்தையின் பையாக இருந்தாலும் விடமாட்டார்கள். காலிச் சங்கில் முனிவன் நண்டு குடியேறும், உடைந்த பவளம் மணலாகும். கரையில் கிடப்பது யாருக்கும் வேண்டாததன்று. கடையில் வாங்கினால் ரசீதோடு வாங்குங்கள்.

பாராடாங் தீவுக்குப் போகிற வழியில் ஜாரவா மக்களைப் பார்க்கலாம் என்று டிரைவர் சொல்கிறார். உண்மையா?

அப்படிச் சொல்கிற டிரைவரை மாற்றுங்கள். அந்தச் சாலை பழங்குடியினரான ஜாரவா மக்களின் காட்டுக்குள் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து போலீஸ் காவலுடன் வாகனங்கள் வரிசையாக விடப்படும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. 1956-ஆம் ஆண்டு முதல் பழங்குடிப் பாதுகாப்பு விதி இருக்கிறது, மீறினால் சிறை. 2012-இல் ஜாரவாப் பெண்களை உணவு காட்டி ஆடவைத்த காணொளி வெளிவந்து நாடே தலைகுனிந்தது. வெளியார் கொண்டுவரும் நோய் அவர்களுக்கு ஆபத்து; 1999-இலும் 2006-இலும் அவர்களிடையே தட்டம்மை பரவியது. சில ஆயிரம் பேராக இருந்த இன்னொரு பழங்குடியினரான பெரும் அந்தமானியர்கள் ஐம்பது பேர் அளவுக்குச் சுருங்கியதில் நோய்க்குப் பெரும் பங்கு உண்டு.

பாராடாங்கில் சுண்ணாம்புக் குகையும், சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் போகும் வழியும் அழகானவைதான். ஆனால் அதிகாலை மூன்று, நான்கு மணிக்குக் கிளம்பி நாள் முழுக்கப் பயணம். முதல்முறை போகிறவர்களை நான் அங்கே அனுப்புவதில்லை. அந்த நாளை ஹேவ்லாக்குக்குக் கொடுங்கள்.

புயல் வந்தால் என்ன ஆகும்?

2016 டிசம்பரில் சென்னையை அடித்த வர்தா புயல், அதற்கு முன் தாழ்வு மண்டலமாக அந்தமானில் நின்றபோது ஹேவ்லாக்கிலும் நீலிலும் 1,400 பேர் அளவுக்குப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் வந்து மீட்டன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வானிலை அறிக்கையைப் பாருங்கள். தீவில் இருக்கும்போது எச்சரிக்கை வந்தால், மிச்ச நாட்களை நினைத்துத் தயங்காமல் கிடைக்கிற முதல் கப்பலில் போர்ட் பிளேருக்கு வந்துவிடுங்கள். அன்றாடம் சாப்பிடும் மருந்துகளை மூன்று நாளைக்கு அதிகமாகவே எடுத்துச் செல்லுங்கள்.

ஒருமுறை போய்வந்துவிட்டோம். மறுபடி போனால் எங்கே?

வடக்கே, திக்லிபூர். சாலை வழியாகச் சுமார் 325 கிலோமீட்டர். ஜாரவாக் காட்டுச் சாலையைத் தாண்டித்தான் போக வேண்டும், மேலே சொன்ன விதிகள் அப்படியே பொருந்தும். காலையில் கிளம்பினால் இருட்டும் வேளைக்குப் போய்ச்சேரலாம். அங்கே ராஸ், ஸ்மித் என்று இரண்டு சிறு தீவுகள். (போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கும் ராஸ் வேறு, இது வேறு.) இரண்டையும் ஒரு மணல் திட்டு இணைக்கிறது. வற்றத்தில் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகலாம், ஏற்றத்தில் திட்டு மூழ்கிவிடும். ஏரியல் பே துறையில் அனுமதி பெற்றுப் படகு ஏற வேண்டும். வற்ற நேரத்தைக் கேட்டுவிட்டுப் படகு பேசுங்கள். 732 மீட்டர் உயரமுள்ள சேடில் பீக், அந்தமானின் மிக உயர்ந்த சிகரம், பக்கத்தில்தான் இருக்கிறது. ஏற நினைப்பவர்கள் விடிகாலையில் தொடங்கிவிட வேண்டும். திக்லிபூருக்கு நான்கு நாள் தனியாக ஒதுக்குங்கள். அந்தப் பயணத்தில் ஹேவ்லாக்கைச் சேர்க்காதீர்கள்.